முன்னோரைத் தேடுதலும் மாறும் ஊரெல்லைகளும்

தாய் தந்தையர் பெயரை அறியாதார் இலர். பாட்டன் பாட்டியர் பெயரையும் பெரும்பாலோர் அறிவர். அதற்கு மேல் ஒரு படி ஏறிப் பூட்டன் பெயரைக் கேட்பின் சிலரே விடையிறுப்பர். பூட்டியின் பெயரைக் கேட்பின் அச்சிலரும் வாளாவிருப்பர். மக்கள் மறந்தது இவ்வாறாயினும், ஏடு மறவாதிருத்தல் கூடும். அவ்வேட்டை எங்கே தேடுவது, எவ்வாறு தேடுவது என்பதைப் புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றேன்.

இப்பொருளில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்குக் காரணம் என் பாட்டியார். எண்பது வயதை அணுகிய அவர், கடந்த கோடை விடுமுறையில் என்னை அருகே அழைத்து, "ராசா, என் அப்பாவைப் பெற்றவள் பெயர் எனக்குத் தெரியாது. அப்பா கைக்குழந்தையாய் இருக்கும்போதே அவள் போய்விட்டாளாம். நீ படிக்கிற பிள்ளை, எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்களா, பார்த்துச் சொல்" என்றார். பாட்டியார் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கடலூர்ப் பக்கம். அவர்தம் தந்தையாரோ பிரெஞ்சு எல்லைக்குள் பிறந்து, பிழைப்பை நாடி இப்பக்கம் வந்தவர். எங்கள் கையில் இருந்த செய்திகள் இரண்டே: ஊர் "பாகூர்" என்பது ஒன்று, பிறந்தது "சாதாரண வருஷம், தை மாதம்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உண்மையே, ஆயினும் இரண்டுமே எங்களை வழி தவறச் செய்தன. அவை தவறச் செய்த வகையை அறிவார்க்குத் தேடும் முறை தானே விளங்கும்.

முதற்கண் நிலத்தின் இயல்பை உணர்தல் வேண்டும். புதுச்சேரி மாவட்டம் ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர்ப் பரப்பினதே. அச்சிறு பரப்பும் ஒரே நிலமாய் இல்லாது, பல துண்டுகளாய்ப் பிரிந்து தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே கிடக்கின்றது. ஒருவன் காலையில் ஏரோட்டச் செல்லும் வழியில் இருமுறை எல்லை கடப்பதும் அங்கே புதுமையன்று. இதற்குக் காரணம் வரலாறே. 18-ஆம் நூற்றாண்டின் இடைக்காலத்தில், டூப்ளே கவர்னராயிருந்த நாளில், வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. பின்னர் நிகழ்ந்த போர்களில் 1761, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. உடன்படிக்கைகளாலே மும்முறையும் மீண்டது. இறுதியாக மீண்டது 1816-இல். அன்று வரையப்பட்ட எல்லையின் ஒருபுறம் பிரெஞ்சு ஆட்சி. மறுபுறம் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு ஜில்லா. இருபுறத்தும் ஒரே மொழி, ஒரே உறவு, ஒரே ஏரிப் பாசனம். பதிவேடுகள் மட்டும் வேறு வேறு.

இனி, "பாகூர்" என்னும் சொல்லை ஆராய்வோம். இஃது ஓர் ஊரின் பெயர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள் இவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாக வழங்கியதைக் கூறுவன. அவற்றில் 'வாகூர் நாடு' என ஒரு நாட்டுப் பெயரும் வருதலின், ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே ஊர்ப்பெயரும் வட்டாரப் பெயரும் ஒன்றாயிருந்தமை பெறப்படும். பிற்காலத்தில் அப்பெயர் மேலும் பெருகிற்று. 1880-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் பிறந்த ஆணையால், பிரெஞ்சு இந்தியா பத்துக் கொம்யூன்களாக வகுக்கப்பட்டது. புதுச்சேரிப் பகுதியில் அமைந்தவை நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907-இல் பத்து என்பது பதினேழாயிற்று. அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, திருபுவனை, நெட்டப்பாக்கம் என்பன புதியனவாய்த் தோன்றின. விடுதலைக்குப் பின் 1973-ஆம் ஆண்டுச் சட்டங்களால் இவ்வமைப்பு நகராட்சிகளாகவும் கொம்யூன் பஞ்சாயத்துகளாகவும் மாறிற்று. இவையன்றி வருவாய்த் துறையின் தாலுகாப் பிரிவும் உண்டு. இன்றைய பாகூர்த் தாலுகா, பாகூர்க் கொம்யூனோடு நெட்டப்பாக்கம் கொம்யூனையும் தன்னுள் அடக்குவது; வில்லியனூர்த் தாலுகாவில் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனும் அடங்கும்.

ஆகவே, "எம் முன்னோர் பாகூர்" என்று ஒருவர் சொல்லின், அது பாகூர் என்னும் ஊரைக் குறித்தலும் கூடும். சேலியமேடு, குருவிநத்தம், கிருமாம்பாக்கம் முதலியவற்றை உள்ளடக்கிய கொம்யூனைக் குறித்தலும் கூடும். மடுகரை, கரியமாணிக்கம் போன்ற நெட்டப்பாக்கத்து ஊர்களையும் தழுவிய தாலுகாவைக் குறித்தலும் கூடும். எல்லைக்கு இப்பால் வாழும் உறவினரோ, அப்பக்கத்து எந்தச் சிற்றூரையும் "பாகூர்ப் பக்கம்" என்றே சொல்லிவிடுவர். எங்கட்கு நேர்ந்ததும் இதுவே. பாகூர்க் கொம்யூனின் ஏட்டில் நாங்கள் தேடிக்கொண்டிருந்த பெயர், நெட்டப்பாக்கம் கொம்யூனின் ஏட்டில் இருந்தது. ஆள் பிறந்தது 1907-க்கு முன்னராயின், நெட்டப்பாக்கம் என்றொரு கொம்யூனே அன்று இல்லையாதலின், அவ்வேட்டைத் தேடுதலும் வீணாகும்.

எல்லைக்கு இப்பாலும் மாற்றங்கள் பல. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் இரண்டாகப் பிரிந்தது. புதுச்சேரிக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள வானூர் முதலிய பகுதிகள் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தன. தெற்கே பாகூரை அடுத்த பகுதி கடலூர் மாவட்டமாயிற்று. பழைய தாளில் "தென்னார்க்காடு" என்று கண்டால், இன்று எம்மாவட்டம் என்று வினவுதல் வேண்டும். இன்றைய மாவட்டப் பெயரைக் கொண்டு பழைய ஏட்டைத் தேடின், அப்பெயர் அங்கே இராது. ஊர் நின்ற இடத்தில் நிற்கின்றது, எல்லையோ நடந்துகொண்டேயிருக்கின்றது. முன்னோரைத் தேடுவார் முதலிற் கேட்கத்தக்க வினா "அவர் யார்?" என்பதன்று; "அவ்வாண்டில் அவ்வூர் எதனோடு சேர்ந்திருந்தது?" என்பதே.

இடத்தைப் போன்றே காலமும் மயக்கம் தருவது. நம் முதியோர் அறுபதாண்டுச் சுழற்சியால் ஆண்டுகளைக் குறிப்பர். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் என்பது யாவர்க்கும் தெரியும். சாதாரண வருஷம் என்பது 1910-ஆம் ஆண்டுச் சித்திரையிற் பிறந்து, 1911-ஆம் ஆண்டுப் பங்குனியில் முடிந்தது. ஆதலின் அவ்வருஷத்துத் தை மாதம், ஆங்கிலக் கணக்கில் 1911-ஆம் ஆண்டு சனவரியும் பிப்ரவரியுமாகும். நாங்களோ 1910-ஆம் ஆண்டின் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம்! மார்கழியின் பிற்பகுதி தொடங்கிப் பங்குனி முடியப் பிறந்தார்க்கு ஓராண்டு கூட்டிக்கொள்ளுதல் வேண்டும் என்பதை இப்பிழை எமக்குக் கற்பித்தது. அன்றியும், ஒரே பெயருடைய ஆண்டு அறுபது ஆண்டுகட்கு ஒரு முறை மீண்டும் வருதலின், பாட்டனையும் பேரனையும் ஒருவராக எண்ணி மயங்காமல் காத்தலும் வேண்டும்.

இவ்வளவில், "குடிமதிப்புக் கணக்கில் தேடினால் எளிதிற் கிடைக்குமே" என்று அன்பர் சிலர் கூறுவர். முன்னோர் கானேஷுமாரி என்று வழங்கிய அக்கணக்கின் இயல்பை அறியாமையால் எழும் கூற்று இது. சுவிசேஷத்தில் லூக்கா கூறும் குடிமதிப்பில், மக்கள் தத்தம் முன்னோர் ஊருக்குச் சென்று பெயர் எழுதுவித்தனர். யோசேப்பும் அவ்வாறே பெத்லகேமுக்குச் சென்றார். இந்நாளைய குடிமதிப்போ மக்களை அவரவர் இருக்கும் இடத்திலேயே எண்ணுவது. அதன் நோக்கம் தொகையேயன்றிப் பெயரன்று. சென்னை மாகாணத்தில் 1871-ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக்கொரு முறை கணக்கெடுக்கப்பட்டும், வீடு வீடாக எழுதிய சீட்டுகள் கூட்டல் முடிந்தபின் போற்றி வைக்கப்படவில்லை, அட்டவணைகளே எஞ்சின. மேலும், 1948-ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனியார் பற்றிய அப்பதிவுகளைப் பார்வையிடும் உரிமையை எவர்க்கும் அளிப்பதில்லை. நீதிமன்றத்தில் அவற்றைச் சான்றாகக் காட்டுதலையும் பொதுவாகத் தடுக்கின்றது. இங்கிலாந்திலோ நூறாண்டு கழிந்தபின் பெயரோடு கூடிய தாள்கள் வெளியிடப்படும். 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல் அங்ஙனம் வெளிவந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 72 ஆண்டு கழிந்தால் போதும். அந்நாட்டினர் நூல்களைப் படித்து, நம் நாட்டிலும் அவ்வாறே கிடைக்கும் என்று கருதுவார் ஏமாற்றமே அடைவர்.

எனினும் குடிமதிப்பு முற்றும் பயனற்றதன்று. அதன் ஊர் அட்டவணைகள் எந்த ஊர் எந்த ஆண்டில் எப்பிரிவில் இருந்தது என்பதைக் காட்டும். ஒவ்வொரு கணக்கெடுப்பின் முன்னும் எல்லைகளை மாற்றாது நிறுத்தி வைப்பது வழக்கமாதலின், அவ்வட்டவணை அந்நாளைய எல்லைகளின் உறுதியான சித்திரமாகின்றது. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தபின் நிகழ்ந்த 1961-ஆம் ஆண்டுக் கணக்கில் அதன் மக்கள்தொகை 3,69,079. அத்தொகையுள் என் பூட்டனார் பெயர் இல்லை. அவர் பிறந்த ஊரின் பெயரோ அட்டவணையில் உண்டு. ஆளைத் தேட உதவாவிடினும் ஊரைத் தேட உதவுமன்றோ?

பெயரைத் தருவது பிறப்பு இறப்புப் பதிவேயாம். பிரெஞ்சு எல்லைக்குள் இதனை எத்தா சிவில் என்பர். குடிநிலைப் பதிவு என்று தமிழிற் கூறலாம். கொம்யூன்கள் தோன்றிய அதே 1880-ஆம் ஆண்டில், ஏப்ரல் 24-ஆம் நாள் ஆணையால், பிரெஞ்சுக் குடிநிலைப் பதிவுமுறை இந்நாட்டு மக்கட்கும் உரியதாக்கப்பட்டது. மேரி எனப்படும் கொம்யூன் அலுவலகமே பதிவிடம். பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்படி, குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் அந்நாளில் அறிவித்தல் வேண்டியிருந்தது. பிறந்த நாள், நேரம், இடம், ஆணோ பெண்ணோ என்பது, இட்ட பெயர், தாய் தந்தையர் பெயர், அவர்தம் தொழில், இருப்பிடம், சாட்சிகளின் பெயர் ஆகிய யாவும் அதில் எழுதப்பெறும். ஏடு இரண்டு படியாக எழுதப்பட்டு, ஒன்று மேரியிலும் மற்றொன்று நீதிமன்றப் பதிவகத்திலும் வைக்கப்படும். ஒன்றைக் கறையான் அரித்தாலும் மற்றொன்று எஞ்சும் என்பது இதன் பயன்.

ஆங்கிலேயர் பக்கத்தில், 1899-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்ய வழி வகுத்தது. ஊர்களில் கிராம மணியக்காரரே பதிவாளர். மணியம், கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிந்தபின், அப்பணி கிராம நிர்வாக அலுவலரைச் சார்ந்தது. இந்தியா முழுமைக்குமாக 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இதன்படி அறிவிக்கத்தக்க காலம் 21 நாள். பழைய கிராம ஏட்டில் நிகழ்ச்சி மட்டுமே சுருக்கமாகக் காணப்படும். குழந்தைக்குப் பெயர் இடுமுன் எழுதியதாயின், "இன்னாருக்கு ஆண் குழந்தை" என்ற அளவில் நின்றுவிடும். ஆதலின் குழந்தையின் பெயரால் அன்றித் தந்தையின் பெயரால் தேடுதல் நன்று.

உரிய நாளில் அறிவிக்காதாரும் பலர். அன்னார்க்குப் பின்னர் நீதிமன்றத் தீர்ப்பினால் பிறப்பு நிறுவப்படும். அத்தீர்ப்பு ஏட்டில் ஏறுவது பிறந்த ஆண்டிலன்று. தீர்ப்பு வழங்கிய ஆண்டில். 1911-இற் பிறந்தவரின் பதிவு 1930-ஆம் ஆண்டின் ஏட்டில் இருப்பினும் வியப்பில்லை. பிறந்த ஆண்டில் காணப்படவில்லை என்பதால் பதிவே இல்லை என்று துணிதல் கூடாது.

பெயரெழுதும் முறையும் அறியத்தக்கது. பிரெஞ்சுக்காரர் நம் உகரத்தைக் குறிக்க ஓ, யூ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். ஆங்கிலேயர் யூ என்னும் ஓரெழுத்தாலேயே எழுதுவர். ஜகர ஒலிக்கு டகரம் குறிக்கும் எழுத்தை முன்னே சேர்ப்பதும், இடைநிற்கும் சகரத்தை இரட்டிப்பதும் பிரெஞ்சு வழக்கம். முருகேசன் என்னும் ஒரே பெயர், எல்லையின் இருபுறத்தும் இரு வேறு பெயர்போலத் தோன்றும். அகரவரிசையிலும் வேறிடத்தில் நிற்கும். எனவே, பெயரை வாய்விட்டுப் படித்துச் செவியால் ஒப்பிடுதல் வேண்டும். கண்ணால் ஒப்பிடின் இழப்பே நேரும்.

நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லாமை மற்றோர் இடர். தந்தை பெயர் மகனுக்கு முன்னெழுத்தாய் நின்று, பேரனிடத்து மறைந்துவிடும். இதற்கு விலக்கானவர் ரெனோன்சான்கள். 1881-ஆம் ஆண்டு செப்டெம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர் இவர். ஏற்குங்கால் வழிவழி வரும் குடும்பப் பெயர் ஒன்றையும் அவர் சூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. இவ்வியக்கத்தின் தலைவரான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் என்னும் பெயரை ஏற்றார். கிறிஸ்தவரும், தாழ்த்தப்பட்டோரெனத் தள்ளப்பட்டிருந்தோரும் இவ்வழியிற் பலராய்ச் சென்றனர். அத்தகைய குடும்பத்தில் துறவுப் பத்திரமே இரு பெயர்களையும் இணைக்கும் பாலம். அதற்கு முந்திய தலைமுறையைப் புதிய பெயரால் தேடின் ஒருவரும் அகப்படார்.

இத்தேடல் வெறும் பொழுதுபோக்கோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவேன். 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று. 1956-ஆம் ஆண்டு உடன்படிக்கை 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கே குடியிருந்த பிரெஞ்சுக் குடியினர் இந்தியக் குடிகளாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர் ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்பது விதி. வரப்பின் இப்பக்கம் பிறந்தார்க்கு இவ்வினாவே எழவில்லை. அப்பக்கம் பிறந்தார்க்கோ தம் மக்களின் நாடு எது என்பதையே தீர்மானிக்கும் வினாவாயிற்று. சொல்தா என்று ஊரார் அழைக்கும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களிலும், சைகோனுக்குப் பணியாற்றச் சென்றோர் குடும்பங்களிலும் பிறப்புப் பதிவின் ஒரு வரிக்கு உள்ள மதிப்பை யாவரும் அறிவர். வெளிநாட்டிலும் பழைய குடியேற்றங்களிலும் பிறந்த பிரெஞ்சுக் குடிகளின் பதிவுகளுக்கென நாந்து நகரில் 1965 முதல் ஒரு நடு அலுவலகம் இயங்குகின்றது.

கடல் கடந்தோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1853, 1854-ஆம் ஆண்டுகளில் ஒரேலி என்னும் கப்பல் நம் கரையிலிருந்து கூலிமக்களை மர்த்தினிக்கு, குவாதலூப்பு என்னும் தீவுகளுக்குக் கொண்டு சென்றது. 1861-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் பகுதியிலிருந்தும் ஆள் திரட்டப்பட்டனர். இவர்தம் வழித்தோன்றல்கள் இன்று தாளில் "புதுச்சேரி" என்று கண்டு, அதுவே முன்னோர் ஊர் என்று மகிழ்வர். அது கப்பல் ஏறிய துறையேயன்றிப் பிறந்த ஊர் ஆதல் வேண்டுமென்பதில்லை; தென்னார்க்காட்டிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ வந்தவரும் அத்துறையில்தான் ஏறினர். குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பார், இந்திய வழியினர்க்கு வாக்குரிமை வேண்டி 1904-இல் தொடங்கிய வழக்கு 1923 வரை நீடித்தது. ஒருவன் எந்நாட்டுக் குடி என்னும் வினாவுக்குப் பத்தொன்பது ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது!

முறையைத் தொகுத்துக் கூறுவேன். உயிரோடிருக்கும் முதியோரிடம் முதலிற் கேட்டு, அவர் சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதிக்கொள்க. தமிழாண்டை ஆங்கில ஆண்டாக்குக. அவ்வாண்டில் அவ்வூர் எவ்வாட்சியில், எக்கொம்யூனில் அல்லது எத்தாலுகாவில் இருந்தது என்று காண்க. அதன்பின் உரிய அலுவலகத்தை நாடுக. அங்கே கிடையாதாயின், புதுச்சேரியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையத்தையும், ஆங்கிலேயர் பக்கத்திற்கு எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் வினவுக. கிறிஸ்தவராயின், பங்கின் ஞானஸ்நான ஏட்டையும் மறவற்க. அதில் ஞானப்பெற்றோரின் பெயரும் இருத்தலின், உறவினர் சிலர் அங்கே தென்படுவர். ஒவ்வொரு படியிலும் இன்று தெரிந்ததிலிருந்து நேற்றையதற்குச் செல்க. இடையில் ஒரு தலைமுறையையும் தாவற்க.

இம்முறையை நாங்கள் பிழைகள் பல செய்த பின்னரே கற்றோம். ஊரையும் ஆண்டையும் திருத்திக்கொண்டு மீண்டும் தேடியபோது, 1911-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பதிவு அகப்பட்டது. தந்தை பயிர்த்தொழிலாளி, சாட்சிகள் இருவரும் அவ்வூரினர். கையெழுத்திட இயலாதவர் அதன் காரணத்தை ஏட்டிற் குறிப்பிடல் வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். அதற்கேற்ப, அறிவித்தவர்க்குக் கையெழுத்திடத் தெரியாது என்று இறுதியில் எழுதப்பட்டிருந்தது. அவருக்கு மேலே, தன் தந்தையின் பெயரோடு, தாயின் பெயரும் நின்றது.

அதனை ஒரு தாளில் பெரிய எழுத்தாய் எழுதிக்கொண்டுபோய்ப் பாட்டியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். பின்னர், "இந்தப் பெயரை நம் வீட்டில் ஒருவருக்கும் வைக்கவில்லையே" என்றார். ஏறத்தாழ நூறாண்டாக எவர் நாவிலும் வாராதிருந்த பெயர் அது. தம் பெயரை எழுதத் தெரியாத ஏழை உழவர் ஒருவர், மூன்று நாளுக்குள் மேரிக்கு நடந்து சென்று தம் மனைவியின் பெயரைச் சொல்லி எழுதுவித்ததனால் அது பிழைத்தது. முதியோர் உள்ளபோதே அவர்களிடம் கேட்டு எழுதி வைத்தல் நம்போன்ற மாணவர்க்குக் கடன் என்பது எளியேன் துணிபு.